கோணலாகப் படு

கிருஷ்ணகிரியில் ரவுண்டானா தாண்டி
டயர்க்கடைக்கும் பிரியாணிக்கடைக்கும் நடுவே
ஷப்பீர் கடை.
தார்ப்பாய், மழைக்கோட்டு, டார்ச்,
சீசனுக்கு மாங்காய் பறிக்கும் வலை.

தொங்கும் படுக்கை இருக்கா என்றேன்.
குழந்தைக்கா, என்றார்.
எனக்கு என்றதும்
ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்,
மரியாதையாகத்தான்,
மூட்டை ஏற்றுமுன் லாரிக்காரர் பார்ப்பதுபோல.

முதலில் கயிற்றுவலை. இரண்டு முனையிலும் கட்டை.
படுத்து எழுந்தால்
முதுகில் கட்டம் கட்டமாகப் புலப்படம்.
அதைத்தான் பகலெல்லாம் வரைகிறேன்,
சம்பளத்துக்கு.

அடுத்தது காடாத்துணி. தொட்டால் விடமாட்டோம்.
ஆனால் காய்ந்தால் இரண்டு கிலோ,
நனைந்தால் நாலு.
வத்தல்மலை ஏறுகையில்
தண்ணீர் மட்டுமே மூன்று லிட்டர் தோளில்.

மூன்றாவது பாராசூட் துணி.
தேங்காய் அளவுப் பைக்குள் அடங்கிக் கிடந்தது.
எதிர் மண்டித் தராசில் வைத்தோம்.
நானூற்று எழுபது கிராம்.
"நல்லா வெளஞ்ச பெங்களூரா ஒண்ணு"
என்றான் தராசுப் பையன்.
பட்டை, கொக்கி சேர்த்தால் இன்னொன்று.

சிங்கிளா டபுளா, என்றார் ஷப்பீர்.
டபுள்.
கூட யாரு வர்றாங்க?
யாருமில்லை.
அப்ப சிங்கிள் போதுமேம்மா.

எப்படிச் சொல்ல.
மூன்று மழைக்காலம் இதில் தூங்கிய
முனிரத்னா சொல்லிக்கொடுத்தது இது:
நேராகப் படுத்தால் உடம்பு வாழைப்பழம்.
அகலத் துணியில் கோணலாகப் படு,
முதுகு நேராகும்.

பதினோரு வருடமாக
நேர்க்கோட்டுக்காக வெயிலில் நிற்கிறேன்.
ஒரு சாண் கோணலுக்கு
இரண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போவதைப் பார்த்தவள்.
கோணலுக்கென்றே காசு கொடுத்து
அகலம் வாங்கினேன்.
ஆயிரத்து நானூறு. பில் இல்லை.

மலைக்குமுன் ஒருநாள் ஒத்திகை.
காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு.
மரத்துக்கு மரம் முப்பது அடி.
பட்டை எட்டவில்லை.
கண்ணாலேயே தூரம் சொல்பவள் என்று
ஆபீசில் எனக்குப் பேர்.

தோப்பின் ஓரம், வரப்பின் இருபுறமும்
ஒரு புளி, ஒரு வேம்பு.
சரியாகப் பதிமூன்று அடி.
கட்டி முடித்துக் குனிந்தபோதுதான் கண்டேன்,
நடுவே எல்லைக்கல்.
போன மார்கழியில் நான் நட்டது.
புளி வெங்கட்டப்பனுடையது,
வேம்பு அவர் தம்பி குள்ளப்பனுடையது,
வழக்கு ஆறு வருடம்.

தலை அண்ணன் நிலத்தில்,
கால் தம்பி நிலத்தில்,
இடுப்புக்கு நேர்கீழே கல்.
கோணலாகப் படுத்தேன்.
முனிரத்னா பொய் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு டார்ச் வெளிச்சம்.
வெங்கட்டப்பன்.
"மேடம், மறுபடி அளக்குறீங்களா?"
இல்லைங்க, தூங்குறேன்.
"எங்க பக்கம் எவ்ளோ வருது?"
தலை மட்டும்தான்.

கொஞ்ச நேரம் நின்றார்.
புளியில் சுற்றிய பட்டையைத் தடவினார்,
அகலப் பட்டைதான், மரத்தை அறுக்காது என்றேன்.
அது அவர் காதில் விழுந்ததா தெரியாது.
வெளிச்சத்தை என் கால்மாட்டுக்குத் திருப்பி
"அந்தாண்ட தாழ்ந்திருக்குது, ரத்தம் எறங்கும்" என்றார்.

கல்லைத் தாண்டிப் போனார்.
தம்பியின் வேம்பில் பட்டையை அவிழ்த்து
ஒரு முழம் ஏற்றி
இறுக்கினார். இழுத்துப் பார்த்தார்.
எதுவும் பேசாமல் திரும்பினார்.
நானும் எழுதிவைக்கவில்லை
எந்தப் பதிவேட்டிலும்.

இரண்டு மணிக்கு விழித்தேன்.
முதுகு ஐஸ்.
கீழிருந்து காற்று
துணி என்று ஒன்று இல்லாததுபோல ஏறுகிறது.
அடியில் விரிக்க ஏதாவது வேண்டும்.
ஷப்பீர் அதைச் சொல்லவேயில்லை.